செவ்வாயும் வியாழனும் ஒரே சட்டி

இன்று மாலை வேலை முடிந்து வரும் வழியில், ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இருக்கிற கோழிக்கடையில் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்கார பாய் குளிர்பெட்டியின் மூடியைத் தூக்கினார். வெள்ளையாக ஆவி கிளம்பியது. உள்ளே கையை விட்டு ஒரு சாசேஜ் பாக்கெட்டை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். "இன்னிக்கி செவ்வாக்கெழம ஆச்சே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் பாக்கெட்டின் மேல் படிந்திருந்த பனி விரலில் ஒட்டியபோது உன் ஞாபகம் வந்தது. உனக்கும் இப்படித்தான், கேட்காமலே எடுத்து வைப்பார் என்று நீ சொல்லியிருக்கிறாய். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உன் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க அந்த பாய்க்கு நாலு வாரம்தான் தேவைப்பட்டது. நம் சொந்தக்காரர்களுக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

உனக்கு நான் ஒரு நாளும் கடிதம் எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்தில் நீ இருந்ததே இல்லை. இப்போது எழுதுகிறேன். அழுதுகொண்டு எழுதவில்லை, கோபமாகத்தான் எழுதுகிறேன். அதில் பாதி கோபம் அவர்கள் மேல். மீதி என் மேல்.

கல்யாணமான முதல் ஆறு வருடம் நம் வீட்டு மாலைப்பொழுது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். நீ கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைனில் நின்றாய். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. சாய்ந்துகொள்ள ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. நான் இரும்பு உருக்கும் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். எட்டு மணி நேரமும் உட்கார்ந்தபடி வேலை. இரண்டு பேருடைய கம்பெனி வண்டியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பஜார் முனையில் நம்மை இறக்கிவிடும். சேர்ந்தே நடந்து வீட்டுக்குள் நுழைவோம். உள்ளே வந்ததும், உட்கார்ந்து வேலை செய்த நான் உட்காருவேன். நின்று வேலை செய்த நீ அடுப்படியில் போய் நிற்பாய்.

சோறு, குழம்பு, ஒரு பொரியல், மறுநாள் டப்பாவுக்கு ஏதாவது. அதற்குப் பிறகு தட்டும் குண்டானும் வாணலியுமாகக் கழுவ ஒரு குவியல். இது எனக்குத் தப்பாகத் தெரிந்ததே இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். பாப்பா பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, வீட்டுப்பாடமும் சேர்ந்துகொண்ட பிறகும் நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நீ வேறு மாதிரி வீட்டுக்கு வந்தாய். பையில் ஒரு சாசேஜ் பாக்கெட், ஒரு பாஸ்தா பாக்கெட், நாலு சீஸ் கட்டி. உன் லைனில் பக்கத்து மேசையில் மணிப்பூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாளே, அவள் சொல்லிக் கொடுத்தது. அவர்கள் ஹாஸ்டல் அறையில் நாலு பெண்களுக்கு ஒரு கரண்ட் அடுப்பு, ஒரே ஒரு சட்டி. வேலை முடிந்து வந்து அந்த ஒரு சட்டியில் எல்லாவற்றையும் போட்டு, நாலு கரண்டியை நட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்களாம். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் தெரிந்த பொறாமையை நான் அன்றைக்குச் சிரிப்பென்று நினைத்தேன்.

அடி கனமான அகலச் சட்டியை அடுப்பில் வைத்தாய். சாசேஜைச் சாய்வாக வெட்டி, ஒரு கரண்டி எண்ணெயில் போட்டு, ஓரம் சிவந்து சுருளும்வரை கை வைக்கவே இல்லை. அது விட்ட கொழுப்பிலேயே வெங்காயம், நசுக்கிய பூண்டு, ரெண்டு பச்சை மிளகாய். அதன்மேல் பாஸ்தாவைப் பச்சையாகவே கொட்டி, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி மூடினாய்.

"இன்னாது இது?" என்றேன்.

"பாஸ்தா."

"சோறு?"

"இன்னிக்கி இதான் சோறு."

"வெந்தப்பறம் தண்ணிய வடிக்கணும்ல? அந்த செல்போன்ல அல்லாம் வடிக்கிறாங்களே."

"வடிச்சிட்டா கொழகொழப்புக்கு எங்கப்பா போறது? அந்தத் தண்ணிலதான் கீது அல்லாம்."

தண்ணீர் பாதியாகச் சுண்டியதும் அடுப்பைச் சிறுசாக்கி, பாலை ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டு, மிளகைக் கை நிறையத் தட்டிப் போட்டாய். பால் கெட்டியாகி ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிக்கொண்டது. சட்டியை அப்படியே நடுவீட்டில் பழைய காலண்டர் அட்டையின் மேல் வைத்தாய். மூன்று பேரும் அதிலிருந்தே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டோம். எனக்குப் பிடித்திருந்தது. அதைக்கூட நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. "பரவால்ல" என்றேன்.

அதிலிருந்து செவ்வாயும் வியாழனும் நம் வீட்டில் சட்டி நாள் ஆனது. "ஒரே சட்டி, ஒரே கரண்டி, இருவது நிமிஷம்" என்று பாப்பாவுக்குப் பாட்டு மாதிரி சொல்லிக் காட்டுவாய். மிச்சமான நேரத்தில் நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் நான் இப்போது பெருமையாகச் சொல்வேன்: ஒன்றும் செய்யவில்லை. சட்டியை மூடி வைத்துவிட்டு, கோரைப்பாயை விரித்து, சுவரோரமாகப் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாய். கணுக்கால் இரண்டும் உப்பி இருக்கும். கண்ணை மூடிக்கொள்வாய். பாப்பா பேச வந்தால், "இது அம்மாவோட நேரம். கம்பெனிக்கும் இல்ல, அப்பாக்கும் இல்ல, உனுக்கும் இல்ல. பத்து நிமிஷம் கழிச்சி வா" என்பாய். அவளும் போய்விட்டுச் சரியாகப் பத்து நிமிடம் கழித்து வருவாள்.

அக்கா வந்த அந்த வியாழக்கிழமையை நாம் அதற்குப் பிறகு பேசியதே இல்லை. நான்தான் பேசவிடவில்லை. இப்போது பேசுகிறேன்.

அக்கா என்னை வளர்த்தவள். எங்கள் அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாறு. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுவிட்டு, சேறு காய்ந்த கையைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குச் சோறு போட்டவள். கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே வந்து இருந்துகொண்டாள். அவள் ஒருவரிடம் காட்டும் அன்பெல்லாம் தட்டில்தான் இருக்கும். தட்டு நிறையச் சோறு இல்லையென்றால் அந்த வீட்டில் அன்பு இல்லை என்றே அவள் முடிவு கட்டுவாள்.

அன்றைக்கு அவளும் மாமாவும் பொன்னேரியில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நம் வீட்டுக்கு வந்தார்கள். நீ சுவரில் காலைத் தூக்கிப் படுத்திருந்தாய். அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் பதறிப்போய், "காலை எறக்கு, அக்கா வந்துகீது" என்றேன்.

நீ கண்ணைத் திறந்தாய். "வாங்கண்ணி, வாங்கண்ணா, உக்காருங்க" என்று மரியாதையாகச் சொன்னாய். காலை மட்டும் இறக்கவில்லை. "காலு ரொம்ப வலிக்குதுண்ணி. அஞ்சி நிமிஷம் வச்சிக்கினு எழுந்திருக்கிறேன்."

"எறக்குன்னு சொல்றேன்ல" என்றேன் மறுபடியும்.

"காலு என்னுதுப்பா" என்றாய் நீ. கத்தவில்லை. நேரம் என்ன என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாய்.

பிறகு எழுந்து வந்து பாலை ஊற்றி, கிளறி, இரண்டு தட்டில் போட்டு அவர்கள் முன் வைத்தாய். அக்கா தட்டைக் கையில் எடுக்காமலே குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, பசை காச்சி வச்சிகீற? போஸ்டர் ஒட்டப் போறியா?"

"நல்லா ஒட்டும்ணி. சாப்ட்டுப் பாருங்க, வயித்துல ஒட்டும்."

மாமா சிரித்துவிட்டார். சிரித்த கையோடு ஒரு வாய் போட்டுக்கொண்டார். அவருடைய அம்மா வழி ஊத்துக்கோட்டைப் பக்கம். சந்தோஷம் வந்தால் பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். "நைனா, இது ஜோரா கீதுப்பா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தட்டை மறுபடியும் நீட்டினார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் தன் தட்டை ஓரமாக நகர்த்தினாள். "என் தம்பி நாள் முச்சூடும் இரும்போட மல்லாடிக்கினு வரான். அவனுக்கு ஒரு பிடி சோறு வைக்க உனக்கு ஒடம்பு வணங்கல. கால சொவுத்துல வச்சிக்கினு படுத்துகீற" என்றாள். அப்படியே எழுந்து போய்விட்டாள்.

நீ என்னைப் பார்த்தாய். உன் கால் வலியைப் பற்றி, எட்டு மணி நேர நிற்பைப் பற்றி, நான் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவன் என்பதைப் பற்றி, ஒரு வார்த்தை சொல்வேன் என்று பார்த்தாய். நான் சொன்னது வேறு.

"ஒரு நாளு சோறு வச்சா இன்னா கொறஞ்சிடும்?"

"ஒண்ணும் கொறயாது" என்றாய். "நீ வை."

நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் நீ இருந்தாய். தெருவில் அக்கா சொல்லிப் பரப்பியதெல்லாம் உன் காதுக்கு வந்தது. "பசைக்காரி" என்றுகூட ஒருத்தி சொன்னாள். நீ ஒரு செவ்வாயையும் விட்டுக்கொடுக்கவில்லை, ஒரு வியாழனையும் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் ஒரு நாள்கூட அந்தச் சட்டியைக் கழுவி வைக்கவில்லை.

காய்ச்சல் வந்து நாலாவது நாள் உன்னைச் சென்னைக்குக் கொண்டுபோனோம். ஆறாவது நாள் நீ இல்லை. டெங்கு என்று டாக்டர் சொன்னபோது அக்காவும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். மழைக்குப் பிறகு நம் தெருவில் நாலு பேர் படுத்தார்கள். மூன்று பேர் எழுந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் உன்னை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்பே வாசலில் பேச்சு கிளம்பிவிட்டது. "வேளாவேளைக்கு சோறு துன்னுருந்தா ஒடம்புல தெம்பு இருந்திருக்கும். அந்தப் பசையையும் சாசேஜையும் துன்னுக்கினு..." அது அக்காவின் குரல். அழுதுகொண்டேதான் சொன்னாள். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோது உன்னை விட்டுக்கொடுத்தவன், செத்த பிறகும் விட்டுக்கொடுத்தேன்.

முதல் ஏழு மாதம் அக்கா வீட்டிலிருந்து மூன்று வேளையும் அடுக்கு டப்பா வந்தது. குறை சொல்ல முடியாத சாப்பாடு. காலை நாஷ்டாகூட ஆறுவதற்குள் வந்துவிடும். நான் சாப்பிட்டேன். பாப்பா அளைந்தாள். எட்டு வயதுப் பெண், எதையும் கேட்கவில்லை, எதற்கும் அடம்பிடிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் டப்பாவை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "இன்னிக்கி சட்டி நாளுப்பா" என்றாள்.

"அம்மா இல்லியே கண்ணு."

"சட்டி கீதே" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் முதல்முதலாக நம் அடுப்படியில் ஒரு வேலைக்காக நின்றேன். முப்பத்தெட்டு வயதில். எல்லாம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். மூன்று வருடத்துக்கு மேல் பார்த்தவனாயிற்றே. பார்த்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெங்காயத்தோடு ஒரு தக்காளியை நானாகச் சேர்த்தேன். அடுப்பு முழுசாக எரிய, ஜில்லென்று பாலை ஊற்றினேன். பால் திரிந்து திட்டுத்திட்டாக மிதந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று கிளறாமல் யோசித்துக்கொண்டு நின்றதில் அடி பிடித்துவிட்டது. பாப்பா முழுத்தட்டையும் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, "நல்லா இல்ல. வியாழக்கெழம மறுபடியும் செய்" என்றாள். உன் பெண்தான்.

வியாழக்கிழமை மறுபடியும் செய்தேன். அதற்கடுத்த வாரமும் செய்தேன். பாலை முன்பே எடுத்து வெளியே வைக்க வேண்டும், பாஸ்தா முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அடுப்பைக் குறைக்க வேண்டும், அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளற வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு கெட்டுப்போன சட்டிக்குப் பிறகு வந்து சேர்ந்தது. அஞ்சாவது முறையோ ஆறாவது முறையோ நீ செய்வதுபோலவே கொழகொழவென்று வந்தது. பாப்பா இரண்டாவது தட்டு கேட்டாள்.

அக்காவிடம் டப்பா போதும் என்று சொன்னேன். அவள் அதை என் வீம்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. என் கஷ்டம் என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். "பொம்பள இல்லாத ஊடு எத்தினி நாளு தாங்கும்? பொண்ண யாரு பாத்துக்கிறது, உனக்கு யாரு வடிச்சிக் கொட்றது?" என்றாள். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை அவள் என்னைக் கேட்கவே இல்லை. ஃபோன் பண்ணினாள்.

"நாளைக்கி சாயங்காலம் ஆர்.கே.பேட்டைலேர்ந்து வராங்க. அந்தப் பொண்ணும் அதோட அண்ணனும். நீ ஒண்ணியும் பண்ணாத. சட்டைய மட்டும் மாத்திக்கினு இரு. பிரியாணி நான் வாங்கியாறேன்."

"நாளைக்கி வியாழக்கெழமக்கா."

"வியாழக்கெழம நல்ல நாளுதான்டா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் சட்டையை மாற்றவில்லை. அவர்கள் வந்தபோது கம்பெனிச் சட்டையோடு அடுப்படியில் சாசேஜ் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்க என்று சொல்லி, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடியும் உள்ளே போனேன். நம் வீட்டில் அடுப்படிக்கும் நடுவீட்டுக்கும் நடுவில் கதவு இல்லை என்பது உனக்குத் தெரியும். எல்லோரும் பார்க்கத்தான் சமைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கட்டியவன் விட்டுவிட்டுப் போய் ஐந்து வருடமாம். ஒரு தையல் கம்பெனியில் வேலை. வந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன்தான் சங்கடத்தோடு எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, நீங்களேவா சமைக்கிறீங்க?"

அக்கா முந்திக்கொண்டாள். "அந்தக் கண்றாவியத்தான் சொன்னேன் உங்ககிட்ட. ஆம்பள அடுப்புல நிக்கிறத பாக்க முடியலங்க."

"அவ இருந்தப்பவே நான் நின்னுருக்கணும்கா" என்றேன், திரும்பாமலே.

"நின்னு? இதையா செய்வ? இந்தப் பசையத் துன்னுதான்டா அவ ஒடம்பு ஒண்ணுமில்லாம போச்சி..."

கரண்டியைக் கீழே வைத்தேன். திரும்பி நின்றேன். அக்காவைப் பார்த்து நான் குரலை உயர்த்தியதே இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. 

"அக்கா. அவ டெங்குல போனா. டாக்டர் சொன்னப்ப நீயும்தான் பக்கத்துல நின்னுக்கினு இருந்த. எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து, இருவது நிமிஷத்துல எங்க மூணு பேருக்கும் வயிறு ரொம்ப சமைச்சிப் போட்டா. அதுக்கு அவள தெரு பூரா பேசின. செத்தப்பறமும் பேசின. நானும் பொட்ட மாதிரி வாய மூடிக்கினு இருந்தேன்னு சொல்ல வந்தேன், வாணாம், அவ பொம்பளதான், அவ பேசுனா. நான்தான் பேசல. கோழ மாதிரி கேட்டுக்கினு இருந்தேன். இனிமே இந்த ஊட்ல அந்தப் பேச்சு வாணாம்."

நான் அந்த அண்ணனைப் பார்த்து, "தப்பா நெனச்சிக்காதீங்க. எனுக்கு சமைக்க ஆளு தேவையில்ல. சமைக்கறதுக்காவ ஒருத்தவங்கள கட்டிக்கினு வந்தா அது அவங்களுக்கு நான் பண்ற அநியாயம். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பியபோது சட்டியில் தண்ணீர் சரியாகச் சுண்டியிருந்தது. அடுப்பைக் குறைத்துப் பாலை ஊற்றினேன். அதுவரை வாயே திறக்காத அந்தப் பெண் கேட்டாள்: "பால கடைசிலதான் ஊத்துவீங்களா?"

"ஆமாங்க. மொதல்லியே ஊத்துனா அடிபுடிச்சிடும்."

அவள் எழுந்து வந்து நிலைப்படியில் நின்று, பால் கெட்டியாவதைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். அண்ணன் அக்கா வாங்கி வந்த பிரியாணியைத்தான் சாப்பிட்டார். அவள் பாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டியிலிருந்து போட்டுக்கொண்டாள். அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கிளம்பும்போது அண்ணன் ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். வரவழைத்து அவமானப்படுத்திவிட்டேன் என்றேன். அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆறு மாசமா நான் கல்யாணமே வாணாம்னு சொல்லிக்கினு கீறேன். எங்கண்ணன் காதுலயே ஏறல. இப்ப நீங்க ஒரு வாட்டி சொன்னீங்க, ஆட்டோ கூப்பிடப் போயிட்டாரு" என்றாள். சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

அந்தச் சிரிப்பு என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. நீ வருடக்கணக்காகச் சொன்னாய். காலைத் தூக்கி வைத்துச் சொன்னாய், தட்டில் போட்டுச் சொன்னாய், "நீ வை" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாய். ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் ஒரே ஒரு முறை சொன்னேன், வீடே அடங்கிவிட்டது. இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. உன் பேச்சை என் வாயில் போட்டுக்கொண்டு பேர் வாங்கிவிட்டேன். உனக்கு இது தெரிந்தால், "அப்பவே சொல்லியிருந்தா இன்னாப்பா?" என்றுதான் கேட்பாய்.

அவர்கள் போன பிறகு அக்கா போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எனுக்கப்பறம் உன்ன யாருடா பாத்துப்பா?" என்றாள்.

"நானே பாத்துப்பேன்கா."

"அப்ப நான் எதுக்குடா?"

அதை அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். பதினாறு வயதிலிருந்து எனக்குச் சோறு போடுவதைத் தவிர அவளுக்கு வேறு எதையும் யாரும் கொடுக்கவில்லை. எனக்கு மனசு கரைந்தது. ஆனால் உனக்காகச் சொன்னதை அதற்காக விட்டுக்கொடுக்க முடியாது. "நீ வந்து உக்காருக்கா. நீயும் நின்னது போதும். வந்து உக்காந்து சாப்புடு" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் பேசவில்லை. இப்போது வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு எடுத்துக்கொண்டு வருகிறாள், பாப்பாவுக்குத் தலை வாரி விடுகிறாள். செவ்வாயும் வியாழனும் மட்டும் இந்தப் பக்கம் வருவதில்லை. வந்தால் சட்டியிலிருந்துதான் போடுவேன் என்று அவளுக்குத் தெரியும். உன்னைப் பற்றிய அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவில்லை. அவள் மனம் மாறிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. பேச்சு நின்றது. இப்போதைக்கு அது போதும்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். போன புதன்கிழமை ஆலையில் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். சூப்பர்வைசர் வந்து, மறுநாள் லோடு நிறைய வருகிறது, ரெண்டு மணி நேரம் கூட இருந்து முடித்துக் கொடு என்று என்னிடம் கேட்டார். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, சொந்தத்தில் விசேஷம், கம்பெனி வண்டி போய்விடும் என்று ஏதாவது ஒரு பொய்யை எடுத்துவிடுவேன். உண்மையைச் சொல்ல வெட்கம்.

"நாளைக்கி முடியாது சார்" என்றேன்.

"ஏம்பா, இன்னா வேல அப்பிடி?"

"சமைக்கணும்."

குழாயடியில் இரண்டு பேர் சிரித்தார்கள். சூப்பர்வைசர் காது கேட்காதவர் மாதிரி மறுபடியும் கேட்டார். "இன்னா?"

"ஊட்டுக்குப் போயி சமைக்கணும் சார். வியாழக்கெழம நான் இருக்க மாட்டேன். செவ்வாக்கெழமையும் இருக்க மாட்டேன். மத்த நாளு கேளுங்க."

"ஏன், ஊட்ல ஆளு இல்லியா?"

"கீறேனே சார்" என்றேன். "நான்தான் ஆளு."

சிரித்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையை உதறிவிட்டு வண்டிக்கு நடந்தேன். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. நேரம் கேட்டவனுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தக் குரல் கிடையாது, எனக்கும் கிடையாது. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். அதை நான் யாருக்காகவும் கீழே வைப்பதாக இல்லை.